லேலே சாரும் திரையெழுத்தும்

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் எழுத்துரு தேர்ந்தெடுக்க இப்போது ஒரு மென்பொருள் வந்துவிட்டதாம். பத்து இருபது எழுத்துருக்களை அதன் முன்னால் கொட்டினால் போதும், எது படிக்க எளிது என்று வரிசைப்படுத்தி மதிப்பெண் போட்டுக் கொடுத்துவிடுமாம். போன மாதம் புனே விஷ்ராந்த்வாடியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்த இரண்டு இளம் சகாக்கள் இதைச் சொல்லிவிட்டு, உங்கள் காலத்தில் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். டேப்பும் ஸ்டாப்வாட்சும் வைத்து என்றேன். சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவர்கள் போன பிறகு எனக்கு எரிச்சலாக இருந்தது. லேலே சாரைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் அவர்களை அனுப்பிவிட்டேனே என்று என்மேல்தான் எரிச்சல். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அப்பா குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்து கட்கியில் ராணுவத் தொழிற்சாலையில் கடைசல் வேலை பார்த்தார். வீடு போபோடியில் ஒரு சந்துக்குள். வீட்டில் தமிழ், வாசல்படி தாண்டினால் மராத்தி, கடைத்தெருவில் இந்தி. படித்தது மராத்திப் பள்ளிக்கூடத்தில். டிப்ளமோ முடித்து, நாராயண் பேட்டில் ஓர் அச்சகத்தில் நான்கு வருடம் பக்கம் அமைத்தேன். அதன் பிறகு, அலுவலகங்களுக்கான கணினி அமைப்பை இந்திய மொழிகளில் செய்துகொண்டிருந்த ஒரு நிறுவனத்தில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்துவிட்டேன்.

எங்கள் பிரிவின் வேலையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். கணினியைத் திறந்ததும் பட்டியல்களிலும் பொத்தான்களிலும் எழுத்து தெரிகிறது அல்லவா, யாரும் எதையும் மாற்றாமலே தானாக வருவது, அந்த இயல்பு எழுத்துரு எதுவாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது. கேட்டால் சின்ன விஷயமாகத் தெரியும். என் தம்பி ரொம்ப நாள் என்னை "எழுத்து டெய்லர்" என்றுதான் அழைத்தான். ஆனால் பெரும்பாலான ஆட்கள் அதை மாற்றுவதே இல்லை. மாற்றலாம் என்றே அவர்களுக்குத் தெரியாது. எட்டு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருக்கப் போகிற குமாஸ்தாவிடம் யாரும் பிடித்திருக்கிறதா என்று கேட்கப் போவதில்லை, அதனால் நாம்தான் முன்கூட்டியே கேட்க வேண்டும் என்பார் லேலே சார்.

அவர்தான் எங்கள் பிரிவின் தலைவர். குள்ளமான ஆள். சட்டைப் பையில் தையல்காரர் டேப், கழுத்தில் விளையாட்டு வாத்தியார் மாதிரி ஸ்டாப்வாட்ச். பழைய புனேவின் சதாசிவ் பேட்டில் பிறந்து வளர்ந்தவர் என்பது அவர் வாயைத் திறந்த உடனே தெரிந்துவிடும். மரியாதைக்குக் குறைவே இருக்காது, ஆனால் அந்த மரியாதை சுருக்கென்று தைக்கும். புனேக்காரர்களுக்கு வாசலில் பலகை எழுதி மாட்டுவதில் ஒரு தனி ஆசை உண்டு. லேலே சாரின் மேஜையிலும் ஒன்று இருந்தது: "எழுத்து அழகாக இருக்கிறது என்று சொல்ல வந்தவர்கள் கண்காட்சிக்குப் போகவும். படிக்க முடிகிறதா என்று சொல்ல வந்தவர்கள் உட்காரவும்." அதைப் பார்த்துவிட்டு உட்காராமலே திரும்பிப் போன பெரிய மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அவருடைய முறை இதுதான். முதலில் எழுத்துருக்களின் சொந்தப் பெயர்களை எடுத்துவிடுவார். பெயர் தெரிந்தால் யார் வரைந்தது என்று தெரியும், யார் வரைந்தது என்று தெரிந்தால் கண் பொய் சொல்லும் என்பது அவர் கட்சி. பதிலுக்கு லோனாவ்லா லோக்கல் வண்டி நிற்கும் ஸ்டேஷன்களின் பெயரை வைப்பார். படிக்க வருபவரை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணுக்கும் திரைக்கும் நடுவே டேப் பிடித்து அளப்பார். படிக்கக் கொடுப்பது கதையோ செய்தியோ அல்ல, வெறும் ஆள் பெயர்களும் ஊர்ப் பெயர்களும். வாக்கியம் என்றால் பாதியைக் கண் படிக்கும், மீதியை மூளை ஊகித்துவிடும். யாரோ ஒருவருடைய ஊர்ப் பெயரை ஊகிக்க முடியாது. எத்தனை நொடி, எத்தனை தப்பு என்று பென்சிலால் குறிப்பார். தப்பு செய்தவரைத் திருத்த மாட்டார். அடுத்தவர் திருத்தினால் அன்றைய சோதனையையே ரத்து செய்துவிடுவார்.

மூலையில் ஒரு பழைய சின்னத் திரை இருந்தது. மங்கல், ஓரத்தில் பச்சை பூத்தது, ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் கழித்துக்கட்டியதை இவர் கேட்டு வாங்கி வந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் சாசூபாய், அதாவது மாமியார். எதைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் குறை சொல்லும். எங்கள் நல்ல திரைகளில் ஜொலித்த எழுத்துருக்களெல்லாம் அதன் முன்னால் அழுது வடிந்தன. சாசூபாய் சம்மதிக்காமல் எதுவும் வெளியே போகாது.

நான் சேர்ந்த முதல் வருடம் மராத்திக்கு எழுத்துரு பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்த நான்கு எழுத்துருக்களில் ஒன்று லேலே சார் தன் கையால் இரண்டு வருடம் வரைந்தது. எது என்று அவர் சொல்லவில்லை, ஆனால் அவர் அதைப் பார்க்கும் விதத்திலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. சாசூபாயில் போட்டதும் அதன் தலைக்கோடும் அதற்கு மேலே வரும் உயிர்க்குறிகளும் ஒட்டிக்கொண்டு பட்டையாகத் தெரிந்தன. தபால்காரர், காய்கறிக்காரம்மா, பக்கத்து வங்கிக் காவலாளி என்று எட்டுப் பேர் படித்தார்கள். எட்டுப் பேருக்கும் அதில்தான் தப்பு அதிகம். லேலே சார் கூட்டிப் பார்த்தார், பென்சிலால் அதன்மேல் ஒரு கோடு இழுத்தார், "பகூ" என்றார். பார்க்கலாம், அடுத்தது என்று அர்த்தம். அப்புறம் டப்பாவைத் திறந்து சாப்பிட்டார். அன்றுதான் இந்த மனிதரிடம் வேலை கற்றுக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

சில வருடம் கழித்துத் தமிழ் வந்தது. எங்கள் பிரிவில் தமிழர் நான் ஒருத்திதான். தமிழ் தெரியுமா என்று லேலே சார் கேட்டார். தெரியும் என்றேன். பொய்யில்லை, பேசத் தெரியும். சண்டை போடத் தெரியும். ஆனால் எழுத்துகளை நான் கற்றது தினசரிக் காலண்டரிலும் கல்யாணப் பத்திரிகைகளிலும்தான். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித்தான் படிப்பேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை. மராத்திக்காரர்கள் நடுவே தமிழ்ப் பெண் என்று பெயர் வாங்கிவிட்டு, தமிழ் படிக்கத் தடுமாறுவேன் என்று எப்படிச் சொல்வது?

நான்கு எழுத்துருக்கள் வந்தன, வழக்கம்போல் ஸ்டேஷன் பெயர்களோடு. சிவாஜிநகரில் புள்ளிகள் சாசூபாய் முன்னால் மறைந்துபோயின. தாபோடியில் மூன்று சுழி ண அடைத்துக்கொண்டு கரும்புள்ளியாகிவிட்டது. மிஞ்சியவை கட்கியும் ஆகுர்டியும். கட்கி ஒடுக்கமானது, காலை லோக்கலில் நிற்பவர்கள் மாதிரி எழுத்துகள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. ஆகுர்டி அகலமாக, விசாலமாக, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக உட்கார்ந்திருந்தது. எனக்கு ஆகுர்டி சுலபமாக இருந்தது. கூட்டிப் படிக்கிறவளுக்கு அதுதானே சுலபம்?

இன்னும் ஐந்து பேரைக் கூட்டி வரச் சொன்னார் லேலே சார். அப்போதே நான் குடிவந்திருந்த விஷ்ராந்த்வாடியிலேயே தமிழ்நாட்டிலிருந்து மாற்றலாகி வந்த வங்கிக்காரர்களும் ஆசிரியர்களும் இருந்தார்கள், தினமும் தமிழ்ப் பத்திரிகை படிப்பவர்கள். அவர்களை நான் கூப்பிடவில்லை. அவர்கள் கடகடவென்று படித்துவிட்டால், அதே நாற்காலியில் நான் உட்கார்ந்து தடவுவது தெரிந்துவிடும். அதனால் போபோடியிலிருந்து ஐந்து பேரைக் கூட்டி வந்தேன். எல்லாரும் என்னோடு வளர்ந்தவர்கள், மராத்திப் பள்ளியில் படித்தவர்கள், என்னைப் போலவே கூட்டிப் படிப்பவர்கள். ஐந்து பேரும் ஆகுர்டி என்றார்கள். லேலே சார் தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.

சோதனைக்காக முதலில் அதைப் போட்ட இடம், போபோடியில் தமிழர்கள் சிலர் சேர்ந்து நடத்திய ஒரு சின்ன மருந்தகம். அங்கே நோயாளிகளின் விவரத்தைக் கணினியில் பதிவு செய்ய ராஜேஸ்வரி என்று ஒரு பெண். அம்பாசமுத்திரம் பக்கம். கணவருக்கு ஒரு கார் தொழிற்சாலையில் வேலை. ராஜிக்கு இந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. புனேவுக்கு வந்து மூன்று வருடம் வீட்டுக்குள்ளேயே இருந்தவளுக்கு, திரை தமிழில் இருந்ததால் கிடைத்த முதல் வேலை அது. அமைப்பைப் போட்டுக்கொடுக்க நான் போனபோது, இந்த ஊரில் தனக்குப் புரிகிற மாதிரி பேசும் ஒரே பொருள் இந்தக் கணினிதான் என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்றாவது வாரம் மருந்தகத்தின் செயலாளர் போன் செய்தார். வங்கியில் ஓய்வு பெற்றவர், கறாரானவர். பதிவுகள் காணாமல் போகின்றன, வந்த நோயாளியே திரும்பி வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது, அந்தப் பெண்ணுக்குக் கவனம் போதவில்லை என்றார். இன்னொரு வாரம் பார்ப்பேன், அப்புறம் ஆங்கிலம் தெரிந்த வேறொருவரை வைத்துக்கொள்வேன் என்றார். நான் கோப்பில் "பயனர் தவறு" என்று எழுதினேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

லேலே சார் அந்த இரண்டு வார்த்தைகளைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். மறுநாள் காலை ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு மருந்தகத்துக்குப் போய் ராஜியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். மூன்று நாள் அப்படியே. அவருக்குத் தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது, அவளுக்கு அவர் பேசுவது ஒன்றும் புரியாது. அவள் விரலைப் பார்க்காமல் அவள் கண் திரையில் எங்கே போகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மட்டும் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டார். நான்காம் நாள் அந்த நோட்டை என் முன்னால் விரித்தார். அதில் இரண்டு பெட்டிகள். ஒவ்வொன்றிலும் திரையில் பார்த்த எழுத்துகளை அப்படியே படமாக வரைந்திருந்தார்.

"இது ரெண்டுலயும் என்ன எழுதியிருக்கு?" என்று மராத்தியில் கேட்டார்.

ஒரு நோயாளியின் பக்கத்தை மூடும்போது வரும் கேள்வியின் பொத்தான்கள் அவை. ஒன்று "சேமித்து மூடு", இன்னொன்று "சேமிக்காமல் மூடு". ஆகுர்டியின் அகலத்துக்கு, மருந்தகத்தின் சின்னத் திரையில் வார்த்தை முழுசாகப் பொத்தானுக்குள் அடங்கவில்லை. ஒன்றில் "சேமித்" என்று வந்து மூன்று புள்ளி, இன்னொன்றில் "சேமிக்" என்று வந்து மூன்று புள்ளி. அவ்வளவுதான். தமிழ் தெரியாத லேலே சார் வரைந்த படத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன.

நான் படித்தேன். சே, மி, த். சே, மி, க். வேறுபாடு தெளிவாகத் தெரிகிறதே சார் என்றேன். அதையும் சொல்கிறேன்: வெளியே அனுப்புவதற்கு முன் இந்தப் பொத்தான்களை சாசூபாயிலும் நான் பார்த்திருந்தேன். வெட்டுப்பட்டிருப்பதைக் கண்டும் இருந்தேன். கடைசி எழுத்து வேறாக இருக்கிறதே, போதும் என்று விட்டுவிட்டேன். ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கிறவளுக்கு அது போதும்தான். ராஜி மாதிரி படிக்கிறவர்கள் எழுத்தைப் பார்ப்பதில்லை, ஒரு பார்வையில் வார்த்தையை அள்ளிக்கொள்கிறார்கள். "சேமி" என்று முதலில் கண்ணில் பட்டது எதுவோ, அதை அவள் கை அழுத்திவிட்டது. வேகமாகப் படிக்கத் தெரிந்ததால்தான் அவள் தவறினாள்.

லேலே சார் கழுத்திலிருந்த ஸ்டாப்வாட்சை நிறுத்தினார். ஓடிக்கொண்டிருந்ததையே நான் கவனிக்கவில்லை. அந்த இரண்டு பொத்தான்களைப் படிக்க எனக்கு ஆன நேரம் அதில் இருந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. நான் கூட்டித்தான் படிப்பேன் என்பதையும், அதை மறைக்கத்தான் போபோடியிலிருந்து என்னைப் போன்ற ஐந்து பேரைக் கூட்டி வந்தேன் என்பதையும் கொட்டிவிட்டேன். அழுதேன். வேலை போய்விடும் என்று நினைத்தேன். போனால் அது நியாயம்தான் என்றும் நினைத்தேன்.

அவர் கொஞ்ச நேரம் பென்சிலைச் சீவினார். பிறகு சொன்னார்: "அஞ்சு பேர் வேணும்னு கேட்டேன். அஞ்சு விதமான பேர் வேணும்னு கேக்கல. நீங்க சொல்லாதது ஒண்ணு, நான் கேக்காதது ஒண்ணு. ரெண்டையும் ஃபைல்ல எழுதுங்க, என் பேர் மேல வரட்டும். எழுதிட்டு கெளம்புங்க. அந்தப் பொண்ணுக்கு வேலை போகுது."

நாங்கள் இருவரும் போனபோது வேலை ஏற்கெனவே போய்விட்டிருந்தது. திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று அன்று காலைதான் செயலாளர் சொல்லியிருக்கிறார். ராஜி தன் டிபன் டப்பாவையும் குடையையும் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும், "அக்கா, நான் சேமிக்கத்தான் அமுக்குதேன். பெறகு எப்படிப் போவுதுன்னு எனக்குத் தெரியல" என்றாள். எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்லாமல் லேலே சார் பக்கம் திரும்பினேன்.

லேலே சார் செயலாளரிடம் வாதாடவில்லை. கும்பிட்டார், நாற்காலியைக் காட்டினார், உங்கள் பெயரிலேயே ஒரு நோயாளிச் சீட்டுப் பதிவு செய்து காட்டுங்கள், நான் கற்றுக்கொள்கிறேன் என்று இந்தியில் கேட்டார். செயலாளர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பெயர், வயது, தெரு, முழங்கால் வலி, எல்லாம் அடித்தார். மூடினார். அந்தக் கேள்வியும் இரண்டு பொத்தான்களும் வந்தன. ஒரு நொடி யோசிக்காமல் அழுத்தினார். லேலே சார் அந்தப் பதிவைத் திரும்ப எடுத்துக் காட்டும்படி கேட்டார். செயலாளர் தேடினார். அவரும் இல்லை, அவருடைய முழங்காலும் இல்லை. இன்னொரு தடவை செய்தார். இந்த முறை மெதுவாகச் செய்தும், இரண்டு பொத்தானுக்கும் நடுவே அவர் கை தயங்கி நின்றுவிட்டது.

அறையில் மருந்துக்குக் காத்திருந்த ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லேலே சார் ராஜியின் பக்கம் திரும்பினார். புனேக்காரர் மன்னிப்புக் கேட்பது அபூர்வம், இவர் நின்றபடி கேட்டார். "தப்பு இவங்களோடது இல்ல, எங்களோடது. எழுத்தைத் தேர்ந்தெடுத்தது நாங்க. இதை அவங்ககிட்ட அப்படியே சொல்லுங்க" என்று என்னிடம் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். "நாங்கள்" என்று அவர் சொன்னதை மட்டும் "நான்" என்று மாற்றிச் சொன்னேன். ராஜி என்னைப் பார்த்தாள். செயலாளர் எழுந்து நாற்காலியை அவளுக்கு நகர்த்திக் கொடுத்தார். கறாரானவர்தான், ஆனால் நியாயஸ்தர்.

அடுத்த வாரமே லேலே சார் தமிழ்ச் சோதனையை முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்த முறை எழுத்துரு மட்டும் இல்லை, அது உட்காரப்போகும் பொத்தான், பெட்டி, பட்டியல் எல்லாம் சேர்த்து. வங்கிக்காரர் ஒருவர் வந்தார், ஓர் ஆசிரியை வந்தார், செயலாளரும் வந்தார், ராஜி வந்தாள். போபோடியிலிருந்தும் இரண்டு பேர். கட்கியை எடுத்து எழுத்துகளுக்கு நடுவே மயிரிழை இடம் விட்டு, புள்ளியைக் கொஞ்சம் தூக்கி, ண-வின் சுழிகளைத் திறந்து விட்டதும் வேகமாகப் படிப்பவர்களும் மெதுவாகப் படிப்பவர்களும் ஒரே பக்கம் வந்தார்கள். சாசூபாயும் சம்மதித்தாள். ரொம்ப வருடம் தமிழ்த் திரைகளில் இருந்தது அதுதான்.

அன்று என் முறையும் வந்தது. நான் விலகிக்கொள்கிறேன் என்று முன்னாலேயே சொல்லியிருந்தேன். லேலே சார் ஒப்பவில்லை. உங்களைப் போல் படிப்பவர்கள் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள், அவர்களுக்கும் இதே திரைதான், நீங்கள் உட்காராவிட்டால் அவர்களுக்காக யார் உட்காருவார்கள் என்று கேட்டார். டேப்பை என் கண் அருகே பிடித்தார். நாற்காலிக்குப் பின்னால் ஆசிரியை, வங்கிக்காரர், ராஜி. பட்டியலில் இருபது ஊர்ப் பெயர்கள். ராஜி சற்று முன்னால்தான் அவற்றை மூச்சு விடாமல் படித்து முடித்திருந்தாள்.

நான் ஆரம்பித்தேன். முதல் பெயரிலேயே நின்றேன். எழுத்து எழுத்தாகக் கூட்டினேன். மூன்றாவது பெயரில் பின்னால் யாரோ செருமினார்கள். காது சூடாகிவிட்டது. எல்லார் முன்னாலும் என் தாய்மொழியில் நான் தட்டுத் தடுமாறிக்கொண்டிருந்தேன். ஏழாவதில் அப்படியே நிறுத்திவிட்டேன்.

அப்போது ராஜி நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். பெயரை எடுத்துக் கொடுக்கவில்லை. அது விதிக்கு விரோதம் என்று அவளுக்குத் தெரியும்.

"மெதுவா வாசிங்கக்கா. வெளிய மராத்தி பஸ்ஸு போர்டை நான் இப்படித்தான் எழுத்துக் கூட்டி வாசிக்கேன், வாசிச்சு முடிக்கதுக்குள்ள பஸ்ஸு போயிரும்" என்றாள். "இங்க பஸ்ஸு ஒண்ணும் போயிராது."

லேலே சாருக்கு அது புரிந்திருக்க வழியில்லை. ஆனால் அவர் ஸ்டாப்வாட்சை நிறுத்தவில்லை. நான் ஏழாவது பெயரைப் படித்தேன்.